பட்டியில் கட்டிய வண்டி

தோட்டத்துத் துரையவர்கள் ஒருநாள் காலை, தொழிலாளர் குடியிருக்கும் ஏழாம் நம்பர் லயத்து வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார்கள். அன்று அவர்கள் செய்தது அவ்வளவுதான். ஒன்றும் பேசவில்லை, ஒன்றையும் சுட்டிக்காட்டவில்லை. ஜீப்பில் ஏறிப் பங்களாவுக்குப் போய், பகல் உணவு உண்டு, அந்த லயத்தையே மறந்திருக்கவும் கூடும். ஆனால் உடன் வந்திருந்த பெரிய கிளாக்கர் ஐயா அந்தச் சுளிப்பைக் கண்டுவிட்டார். கண்டபின் அதைச் சும்மா விட்டுவிடுவது அவருடைய உத்தியோகத்துக்கு அழகன்று.

இது இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்வது, அங்கே இன்னமும் வேலை பார்க்கிற பெரியவர்களுக்கு மரியாதையாக இராது.

பெரிய கிளாக்கர் ஐயா ஆபீசுக்குத் திரும்பி, சுளிப்புக்குக் காரணம் எதுவாக இருக்கும் என்று நிதானமாக ஆராய்ந்தார். ஏழாம் நம்பர் லயத்தின் வாசல் என்பது ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பராக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே நீள முற்றம். அதையொட்டி ஒரு சாக்கடைக் கான் ஓடுகிறது. ஓடுகிறது என்பதும் மரியாதைக்குச் சொல்வதே. கான் கழுவுகிற ஆளைத் துரையவர்களின் பூந்தோட்டத்துக்கு எடுத்துக்கொண்ட நாள் முதலாக அது ஓடாமல் தேங்கி, பச்சையாகிக் கறுப்பாகி, கொப்புளம் கட்டி நாறிக்கொண்டிருந்தது. எனினும் கான் தோட்டத்துக்குச் சொந்தமானது. தோட்டத்துக்குச் சொந்தமானதைப் பார்த்துத் துரையவர்கள் மூக்கைச் சுளிக்க நியாயமில்லை. ஆகவே குற்றம் தொழிலாளரின் பொருள் ஒன்றில்தான் இருக்க வேண்டும். வாசலில் விறகு கிடந்தது. அது தோட்டம் கொடுத்த விறகு. கோழிகள் மேய்ந்தன, அவற்றின் முட்டைகள் வாரந்தோறும் பெரிய கிளாக்கர் ஐயாவின் வீட்டுக்குத்தான் போயின. மீதி இருந்தது ஒரு வண்டி.

அந்த வண்டி ஃபேக்டரியில் வேலை செய்யும் சோலைமலையினுடையது. தேயிலைப் பெட்டிப் பலகையில் இருக்கை அடித்து, டவுனில் பைஸர் நானாவின் கடையில் வாங்கிய இரண்டு பழைய சைக்கிள் சக்கரங்களைப் பூட்டி, பின்னால் தள்ளுவதற்கு ஒரு கொய்யாக்கொம்பு வைத்து அவனே செய்தது. அவன் மனைவி பூரணி, கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் சறுக்கி விழுந்து முதுகு முறிந்தவள். இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சியே இல்லை. டிஸ்பென்சரியில் சிவப்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். அதன்பின் இரண்டு மழைக்காலங்கள் அவள் அந்த ஜன்னலில்லாத காம்பராவின் இருட்டில், புகை படிந்த தகரக் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். வண்டி வந்த பிறகுதான் வெளியே வந்தாள். உட்கார்ந்தபடி தூளி ஆட்டலாம் என்பதால், பிள்ளைக் காம்பராவில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையும் கிடைத்தது. செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் மறுபடியும் அவள் பேர் ஏறிய அன்று லயம் முழுக்கச் சீனி வாங்கிக் கொடுத்தாள்.

காம்பரா வாசற்படி குறுகலானது. அதனால் வண்டி இரவில் வெளியே, அவள் கதவோரமாக நிற்கும். குற்றம் அதுவே.

அடுத்த வாரமே லய வாசல் ஒழுங்குக் கமிட்டி என்று ஒன்று உண்டாயிற்று. பெரிய கிளாக்கர் ஐயா தலைவர். தொழிலாளரை வேலைவாங்கி மேற்பார்க்கிற கண்டாக்கையா செயலாளர். தொழிலாளர் பக்கத்தில் நியாயம் பேசுவதற்காகச் சங்கத் தலைவர் அழகுமுத்துவும் சேர்க்கப்பட்டார். அழகுமுத்துவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அதுவும் வாசலில்தான் நின்றது. ஆனால் அது சங்க வேலையாகப் போய்வருவதால் அதை வாகனம் என்று கொள்வதற்கில்லை எனக் கமிட்டி முதற்கூட்டத்திலேயே ஏகமனதாகத் தீர்மானித்தது. எஞ்சிய வாகனங்கள் அனைத்தையும், அதாவது அந்த ஒன்றை, ஒழுங்குபடுத்துவதற்காக வாசல் நெடுகச் சுண்ணாம்புக் கோடு போடப்பட்டது. கோட்டுக்குள் வண்டி நிறுத்தக் கூடாது. வண்டி நிறுத்தும் இடம் லயத்துக்கு மேலே, கருங்கற்படிகள் ஏறிப்போனால் வருகிற கக்கூஸ்களின் பின்புறத்தில் ஒதுக்கப்பட்டது.

நடக்க முடியாதவள் படியேறிப் போய் வண்டியில் எப்படி உட்காருவாள் என்று சோலைமலை பணிவாகக் கேட்டுப் பார்த்தான். அது கமிட்டியின் நோக்கத்துக்கு அப்பாற்பட்டது என்று கண்டாக்கையா பதில் சொன்னார்.

வண்டி கதவோரத்திலேயே நின்றது. நான்கைந்து நாள் கழித்து, விடிந்து கதவைத் திறந்தபோது வண்டி இல்லை. சக்கரத் தடம் ஈரமண்ணில் பட்டியை நோக்கிப் போயிருந்தது. தேயிலைக்குள் புகுந்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற மாட்டுப்பட்டி அது. சோலைமலை ஓடிப்போய்ப் பார்த்தால், கண்டாக்கையாவின் பசுவுக்கும் யாரோ ஒருவருடைய எருமைக்கும் நடுவே, முளையில் கயிறு போட்டு அவனுடைய வண்டி கட்டப்பட்டிருந்தது. அதன் முன்னால் ஒரு கட்டுப் புல்லும் கிடந்தது.

பட்டிக் காவல்காரன் வீரய்யா பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து வந்தான்.

"வா சோலைமலை. வண்டி பத்திரமாத்தான் இருக்கு. வெள்ளனவே புல்லுப் போட்டேன், இன்னும் வாய வைக்கல."

"அது வண்டிண்ணே."

"எனக்கு மட்டும் தெரியாதா? பட்டிக்குள்ள வந்த உருப்படிக்குப் புல்லுப் போட்டியான்னு கண்டாக்கையா கேப்பாரு. போடலைன்னா எம் பேரு போயிரும். தின்னா தின்னட்டும், தின்னாட்டி எரும தின்னுட்டுப் போவுது."

வீரய்யா கெட்டவன் அல்லன். வாகனத்தைப் பிடிக்கும்படி அவனுக்குத்தான் கட்டளை வந்தது. பிடிப்பதென்றால் அவனுக்குத் தெரிந்தது கயிறும் முளையும் புல்லும்தான். ஆபீஸ் துண்டுச்சீட்டு இல்லாமல் அவிழ்த்துவிட அவனுக்கு அதிகாரமில்லை.

அன்று சோலைமலை பூரணியை முதுகில் சுமந்துகொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கினான். ஒவ்வொரு அடிக்கும் அவளுடைய முறிந்த முதுகு அசைந்தது. வலியைக் காட்டிக்கொள்ளாமல், கொழுந்து நிறுக்கிற நெறுவையில் வைத்தால் தான் எத்தனை ராத்தல் காட்டுவேன் என்று அவன் காதருகில் விசாரித்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அந்த விசாரணை நின்றுவிட்டது. பிள்ளைக் காம்பராவில் இறக்கியபோது அவள் உதட்டில் பல் பதிந்து இரத்தம் கசிந்திருந்தது. காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு அவன் திரும்பி ஓடி வருவதற்குள் பெரட்டுக் கலைந்துவிட்டது. பிந்தி வந்ததற்காக இருவர் பேரையும் கண்டாக்கையா அன்றைக்கு வெட்டினார்; பேர் இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பூரணியால் பாயைவிட்டுத் தலையைத் தூக்கவே முடியவில்லை. அடுத்த வாரம் முடிவதற்குள் அவள் வேலைக்கு வந்து நிற்காவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தியைப் போட்டுவிடுவதாகக் கண்டாக்கையா சொல்லியனுப்பினார்.

சோலைமலை ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். நெடுநேரம் நின்றபின் பெரிய கிளாக்கர் ஐயா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"வண்டிக்கென்று இந்தத் தோட்டத்தில் சட்டம் இல்லை" என்று அவர் மிகுந்த பொறுமையோடு விளக்கினார். "சட்டமில்லாமல் ஒரு பொருளைப் பிடிப்பது அநியாயம். நான் அநியாயத்துக்கு உடன்படமாட்டேன். ஆகையால் மாட்டுச் சட்டத்தின்படி பிடித்திருக்கிறேன். இதற்கு நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும்."

சோலைமலை நன்றி சொன்னான்.

பிடிபட்டது காளையா பசுவா என்று ஐயா கேட்டார். பலகைங்க என்றான் சோலைமலை. பட்டிச் சட்டத்தில் அப்படியோர் இனம் இல்லாததால், அளவில் சிறியதாக இருப்பதை முன்னிட்டுக் கன்று என்று வைத்துக்கொள்ள ஐயா இணங்கினார். சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு, தன் பெஞ்சாதி என்று அவன் உண்மையைச் சொன்னதுதான் பிழையாகப் போயிற்று. சொந்தக்காரர் நேரில் வந்துதான் உருப்படியை ஓட்டிச்செல்ல வேண்டும் என்பது விதி.

"அவ நடந்து வர்றதா இருந்தா அந்த வண்டி எதுக்குங்க ஐயா?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றார் பெரிய கிளாக்கர் ஐயா.

இதற்கிடையில் கண்டாக்கையாவின் பசுவுக்கு வாயில் நுரை தள்ளியது. டிஸ்பென்சரி ஐயா வந்து தூரத்தில் நின்று பார்த்து, கோமாரி நோய் என்று முடிவு செய்தார். நோய் தோட்டம் முழுவதும் பரவாதிருக்க, பட்டிக்குள் உள்ள எதுவும் மறு உத்தரவு வரும்வரை வெளியே வரக் கூடாது என்று எழுதி, துரையவர்களின் கையொப்பத்தையும் வாங்கிவிட்டார். எதுவும் என்றால் எல்லாமும்தான். வண்டிக்கு வாயுமில்லை, குளம்புமில்லை என்று சோலைமலை சொன்னபோது, விதி குளம்பைக் கேட்கவில்லை என்று பெரிய கிளாக்கர் ஐயா தெளிவுபடுத்தினார்.

எனினும் கமிட்டி இரக்கமற்றது என்ற பெயர் வந்துவிடக் கூடாதல்லவா. சொந்தக்காரி ஆபீசுக்கு வர இயலாத காரணத்தால் கமிட்டியே ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு வந்து வழக்கை விசாரிக்கும் என்று அறிவிக்கப்பட்டது. இப்படியொரு பெருந்தன்மை இதற்கு முன் எந்தத் தோட்டத்திலும் நடந்ததில்லை என்று அழகுமுத்து வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு போனார்.

ஞாயிறு காலையிலேயே சாரல் பிடித்திருந்தது. பெரிய கிளாக்கர் ஐயா தம்முடைய ஆஸ்டின் காரில் வந்தார். வெள்ளைக் கால்சட்டையில் கானின் சேறு படாதிருக்க வேண்டும் என்பதால், காரைச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் கொண்டுவந்து, கூரை நீட்சியின் கீழே சுவரோடு ஒட்டி நிறுத்தினார். அது சோலைமலையின் காம்பராவுக்கு நேரே இருந்தது. காரின் பக்கம் வாசற்படியில் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே, கதவடிக்குத் தவழ்ந்து வந்து, புதுச்சேலை உடுத்து உட்கார்ந்திருந்த பூரணிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கறுப்புத் தகரம் மட்டுமே.

மேசை போடப்பட்டது. அதன்மேல் விரிப்பும் போடப்பட்டது. கண்டாக்கையா எழுந்து, சொந்தக்காரி பூரணி என்று முறைப்படி கூப்பிட்டார்.

"இங்கனதாங்க இருக்கேன்" என்று காருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

கமிட்டி குனிந்து தனக்குள் ஆலோசித்தது.

"குரல் வேறு, ஆள் வேறு" என்றார் பெரிய கிளாக்கர் ஐயா. "ஆள் கமிட்டியின் முன்பாகத் தோன்ற வேண்டும்."

"காரு அடச்சிக்கிட்டு நிக்குதுங்க. கொஞ்சம் முன்னால எடுத்தீங்கன்னா தோன்றிப்புடுவேன்."

பக்கத்துக் காம்பரா காளியாயி வாயை அடக்கத் தெரியாதவள். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வாசல்ல வண்டி நிக்கக் கூடாதுன்னுதானே கோடு போட்டீங்க, இது நிக்கலாங்களா என்று கேட்டுவிட்டாள். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அழகுமுத்து வானத்தைப் பார்த்தார். பெரிய கிளாக்கர் ஐயா கோபப்படவில்லை. கோபம் சிறியவர்களுக்கு உரியது.

"இது நிற்கவில்லையம்மா. நிற்பது நான். இது எனக்காகக் காத்திருக்கிறது. நிற்பதற்கும் காத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாததால்தான் உங்களுக்கெல்லாம் கமிட்டி தேவைப்படுகிறது. நாங்கள் மழையென்றும் பாராமல், விடுமுறையென்றும் பாராமல், உங்கள் வாசலுக்கே வந்திருக்கிறோம். அந்தப் பெண்ணோ தன்னுடைய சொந்த வாசலுக்கு வர மறுக்கிறாள். இதிலிருந்து என்ன தெரிகிறது? வண்டி மேல் அவளுக்கு அக்கறையில்லை என்று தெரிகிறது."

அழகுமுத்து தொழிலாளர் சார்பில் இரண்டு வார்த்தை பேசினார். சங்கம் என்றும் பாட்டாளிகளின் பக்கம் நிற்கும் என்றும், இந்த விஷயத்தில் மட்டும் பெரிய கிளாக்கர் ஐயாவின் பக்கம் நிற்பதாகவும் சொல்லி அமர்ந்தார். சோலைமலை பேச வாயெடுத்தபோது, அவன் சொந்தக்காரன் அல்லன் என்பது நினைவூட்டப்பட்டது. சொந்தக்காரி வராததால் உருப்படி தோட்டத்துக்கே சேரும். நோய்த்தடை நீங்கியதும் உடைத்து ஆபீஸ் அடுப்புக்கு விறகாக்கப்படும் என்று தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

சோலைமலை, கூட்டத்தின் எதிரே, சொந்தக் காம்பராவுக்குள் நுழைய வழியில்லாமல் நின்றான். பூரணியிடம் எதையாவது சொல்லலாமென்றால் நடுவே கார் இருந்தது.

மழை வலுத்தது. பெரிய கிளாக்கர் ஐயா காரைப் பின்னுக்கு எடுத்தார். பின்சக்கரம் நேராகக் கானுக்குள் இறங்கி, அச்சு வரைக்கும் புதைந்தது. எஞ்சின் உறுமியது, கறுப்புச் சேறு வாரியடித்தது, விரிப்பு, மேசை, கண்டாக்கையாவின் முகம் ஆகிய எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கு கிடைத்தது. ஐயா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

"ஆட்களை விட்டுத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கிப் பத்திரமான இடத்தில் வையுங்கள். பூட்டுள்ள இடமாக இருக்க வேண்டும்" என்று கட்டளையிட்டுவிட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கமிட்டி அவர் பின்னால் போயிற்று.

காம்பராவின் வாசலைத் திறக்க வேண்டுமே என்று சோலைமலைதான் முதலில் தோள் கொடுத்தான். பிறகு லயத்து ஆண்கள் எல்லோரும் இறங்கினார்கள். கார் மேலே ஏறி, சேறு சொட்ட நின்றபோது, இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி எழுந்தது. தூக்கியவர்களில் ஒருவனான வீரய்யா யோசித்தான். தோட்டத்தில், ஆபீசையும் ஃபேக்டரியையும் விட்டால், பூட்டுள்ள இடம் ஒன்றே ஒன்று. அதன் சாவியும் அவன் இடுப்பிலேயே இருந்தது. மேலும் அவனுக்கு வந்த கட்டளையில், வாசலில் கிடக்கிற வாகனத்தை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை.

மறுநாள் காலை பெரிய கிளாக்கர் ஐயா பட்டிக்கு வந்தபோது, எருமைக்கும் பலகை வண்டிக்கும் அருகில் ஆஸ்டின் கார் முன்கம்பியில் கயிற்றோடு நின்றது. புல்லும் போடப்பட்டிருந்தது, பெரிய உருப்படி என்பதால் இரண்டு கட்டு.

"அவிழ்த்து விடு."

"கோமாரிங்க ஐயா" என்றான் வீரய்யா, எழுந்து நின்று. "எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு தொரையே கையெழுத்து வச்சிருக்காரு. நான் அவுத்துவிட்டா எம் பேரு போயிரும்ங்க."

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டாயிற்று. தடையை நீக்க வேண்டுமானால் துரையவர்களிடம் கேட்க வேண்டும். கேட்டால் கார் மாட்டுப்பட்டிக்குள் போன விதத்தைச் சொல்ல வேண்டும். விதத்தைச் சொன்னால் கமிட்டியைச் சொல்ல வேண்டும். கமிட்டியைச் சொன்னால் மூக்கைச் சுளித்ததைச் சொல்ல வேண்டும். ஐயா சொல்லவில்லை. திங்களும் செவ்வாயும் புதனும் தம்முடைய குவார்ட்டஸ் வீட்டிலிருந்து ஆபீசுக்கு அந்த ஏற்றத்தில், மழையில், நடந்தே போனார். லயத்துப் பெண்கள் கூடையோடு ஒதுங்கி நின்று அவருக்கு மிக மரியாதையாகச் சலாம் வைத்தார்கள்.

புதன் மாலை கமிட்டி அவசரமாகக் கூடியது. ஒரு மோட்டார் காருக்குக் குளம்பு இல்லை. ஆகவே குளம்பு நோய் அதைத் தொற்றாது. இது விஞ்ஞானம் என்று பெரிய கிளாக்கர் ஐயா நிறுவினார். அழைக்கப்பட்டிருந்த டிஸ்பென்சரி ஐயா பயந்த சுபாவமுள்ளவர். கார்ச் சக்கரத்துக்கு நோயில்லை என்று தாம் எழுதினால், அதே சாணியில் நிற்கிற வண்டிச் சக்கரத்துக்கும் அப்படியே எழுத வேண்டிவரும், இல்லாவிட்டால் நுவரெலியாவிலிருந்து மாட்டு டாக்டர் வந்து கேட்பார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கடைசியில் இரண்டுக்கும் மருந்துத் தண்ணீர் தெளிக்கச் சம்மதிக்கப்பட்டது.

கார் அன்றே இருட்டுவதற்கு முன் வெளியேறியது. வண்டியை அவ்விதம் சும்மா விட்டுவிட இயலாது. விட்டால் கமிட்டி தவறு செய்ததாகப் பொருளாகிவிடும். எனவே தீர்ப்பின்படி தோட்டத்துக்குச் சொந்தமாகிவிட்ட வண்டியை, ஓர் ஏழைத் தொழிலாளிக்குக் கமிட்டி அன்பளிப்பாக வழங்கும் என்று முடிவாயிற்று. இரவில் அது கதவோரம் நிற்பதற்கும் கமிட்டியின் விசேஷ அனுமதி கிடைத்தது.

மறுநாள் விடியலில், பெரட்டுக்குப் போகவிருந்த சனமெல்லாம் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டது. வண்டிக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். காளியாயியும் இன்னொருத்தியும் பூரணியைத் தூக்கி வந்து அதில் உட்காரவைத்தார்கள். பலகையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அவள் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள்.

பெரிய கிளாக்கர் ஐயா பேசினார். நடக்க இயலாதவர்களைக்கூட இந்தத் தோட்டம் கைவிடுவதில்லை என்றார். ஒரு வண்டி இல்லாதவளுக்கு வண்டி கொடுப்பதைவிடப் பெரிய தருமம் எது என்று கேட்டார். அந்தப் பெண்ணின் துன்பத்தைத் தாம் நேரிலேயே, மூன்று நாட்கள் நடந்தே அறிந்துகொண்டதாகக் குரல் தழுதழுக்கச் சொன்னார். அழகுமுத்து, இது சங்கத்தின் நீண்ட போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்றார். பிறகு கண்டாக்கையா, முன்னவர் இருவரும் சொல்ல மறந்தவற்றைச் சொன்னார். கீழே, பிள்ளைக் காம்பராவின் பக்கமிருந்து, பெரட்டுக்கு முன்பே தாய்மார் விட்டுவந்த, பார்த்துக்கொள்ள ஆளில்லாத கைப்பிள்ளைகளின் அழுகை மூடுபனிக்குள் மெல்லக் கேட்கத் தொடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். கண்டாக்கையாவும் தட்டினார். தட்டி முடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"புள்ளைக் காம்பரா தொறக்கிற நேரம் தாண்டிருச்சு. பூரணிக்கு இன்னிக்குப் பேர் இல்ல. நாளையிலருந்தாவது நேரத்துக்கு வரப் பாரு."

"அதற்கு முன்பு கமிட்டிக்கு அவள் நன்றியாக இரண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார் பெரிய கிளாக்கர் ஐயா.

சோலைமலை வண்டியின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாசல் முழுவதும் பூரணியைப் பார்த்தது. அவள் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, வாயில் இருந்ததையெல்லாம் சேர்த்து, பெரிய கிளாக்கர் ஐயாவின் சப்பாத்துக் காலுக்குச் சற்று இப்பால் துப்பினாள். வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் அது சிவப்பாகப் பரவியது. புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"பேரு இல்லாட்டிப் போவுது. தள்ளுங்க," என்றாள் புருஷனிடம். "புள்ளைக கத்துது."

அவன் தள்ளினான். கூட்டம் விலகியது. செவ்வந்தி மாலை சக்கரத்துக்குள் சிக்கிக் கசங்கிச் சேற்றில் இழுபட்டது. அதை எடுத்துவிட அவன் நிற்கவில்லை.